அன்னாசி ஓட்ஸ் பார்: அடி களி மாதிரி, மேலே உதிரி. எதை மாற்றணும்?

மாவுக்கை:
நடுவில் பழம் வைத்த ஓட்ஸ் பார் செய்பவர்கள் கொஞ்சம் வழி காட்டுங்கள். அளவை அப்படியே தருகிறேன். ரோல்டு ஓட்ஸ் ஒன்றரை கப், மைதா 1 கப், நாட்டுச் சர்க்கரை முக்கால் கப், உருக்கிய வெண்ணெய் 125 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன். பழத்துக்கு நடுத்தர அன்னாசி ஒன்று, பொடியாக நறுக்கி அரை கப் சர்க்கரை சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிட்டது. 20 செ.மீ சதுர அலுமினிய டின், 28 லிட்டர் ஓடிஜி (மேஜை மேல் வைக்கிற மின்சார ஓவன்), 180 டிகிரி, 35 நிமிடம். மாவில் பாதிக்கு மேல் அடியில் அழுத்தி, பழத்தைச் சூடாகவே ஊற்றி, மீதியை மேலே தூவியாச்சு.

மேலே நிறம் நன்றாக வருகிறது, வாசனையும் சரி. ஆனால் பழத்துக்குக் கீழே இருக்கும் அடுக்கு வேகாத களி போல இருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டு வெட்டினால் துண்டாக வராமல் உதிர்கிறது. மறுநாள் மேல் அடுக்கும் நமத்துப்போகிறது. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் போட்டால் நன்றாகப் பிடிக்குமா? வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா?

ஈரக்கணக்கு:
மாவு அளவில் பெரிய தப்பு இல்லை. தப்பு பழத்தில். அன்னாசியில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். நடுத்தரப் பழத்தில் தோல், நடுத்தண்டு போக 600 கிராம் சதை வரும் என்று வையுங்கள். அதில் அரைக் கிலோ தண்ணீர்தான். 10 நிமிடக் கொதியில் அதில் பாதிகூடப் போயிருக்காது. மீதித் தண்ணீருக்கு மேலே போக வழியில்லை, ஓட்ஸ் மூடியிருக்கிறது. கீழே இறங்கி அடி ஓட்ஸுக்குள் ஊறுகிறது. ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த அடுக்கு 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் மொறுமொறுப்பு வராது. ஓடிஜி 180-ல் இருந்தாலும் அடி மட்டும் ஆவியில் வேகிறது, இட்லி மாதிரி.

அதனால் நிமிடத்தைப் பார்த்து இறக்காதீர்கள், எடையைப் பார்த்து இறக்குங்கள். சுத்தம் செய்த சதை 600 கிராம், சர்க்கரை 110 கிராம், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. பாதிச் சதையைத் துருவி, மீதியை அரை செ.மீ துண்டுகளாக நறுக்குங்கள். முழுக்கத் துண்டாகவே போட்டால் துண்டுக்கு நடுவில் சாறு தேங்கும், முழுக்க அரைத்தால் பழத்தைக் கடிக்கிற சுகம் இருக்காது. அகலமான வாணலியில் மிதமான தீயில் 20 முதல் 25 நிமிடம். ஆழமான பாத்திரம் வேண்டாம், ஆவி போக இடம் வேண்டும்.

வெறும் வாணலியை முதலிலேயே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வற்றியது போலத் தெரிந்ததும் தராசின் மேல் ஒரு மரப்பலகையை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வாணலியைத் தூக்கி வையுங்கள். உள்ளே இருப்பது 350 கிராம் வந்தால் போதும். 710 கிராமில் ஆரம்பித்தது பாதியாகிவிட்டது என்று அர்த்தம். 20 செ.மீ சதுர டின்னுக்கு இது சரியாக முக்கால் செ.மீ கனத்தில் பரவும். தராசு இல்லையென்றால் மரக்கரண்டியால் வாணலி அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு மூன்று விநாடி மூடாமல் நிற்க வேண்டும். உடனே சாறு ஓடிவந்து மூடினால் இன்னும் 5 நிமிடம்.

அன்னாசியில் பெக்டின் (பழக்கூழை இறுக வைக்கும் பொருள்) குறைவு, கொய்யா மாதிரி தானாக இறுகாது. கடைசியில் 1 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரை 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றி, குமிழி விட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் கிளறுங்கள். கொதி வராமல் இறக்கினால் பச்சை மாவு வாசனை அடிக்கும், கெட்டியும் ஆகாது. ஆரம்பத்திலேயே ஊற்றவும் கூடாது, புளிப்பில் நீண்ட நேரம் கொதித்தால் கார்ன்ஃப்ளார் நீர்த்துவிடும்.

அப்புறம், சூடாக ஊற்றியது இரண்டாவது தப்பு. அடியில் இருக்கிற வெண்ணெய் அந்தச் சூட்டிலேயே உருகி, மாவுக்கும் சாறுக்கும் நடுவில் தடுப்பே இல்லாமல் போகும். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும்.

தட்டுத்தராசு:
பழத்துக்கு மேலே சொன்னது சரி. மாவுப் பக்கம் நான் சொல்கிறேன்.

கப் கணக்கை விடுங்கள். ஓட்ஸைக் கப்பில் அள்ளுகிற விதத்திலேயே 15 கிராம் முன்னே பின்னே ஆகும். ரோல்டு ஓட்ஸ் 140 கிராம், மைதா 130, நாட்டுச் சர்க்கரை 110, உப்பில்லாத வெண்ணெய் 140, உப்பு அரை டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன். உப்பு போட்ட பாக்கெட் வெண்ணெய் என்றால் தனி உப்பைக் கால் டீஸ்பூனுக்குக் குறையுங்கள். உங்கள் அளவில் சோடாதான் இரட்டிப்பு. அது மேல் மாவை வேகமாகச் சிவக்க வைக்கும், வாயில் லேசாகச் சோப்பு வாடை தெரியும். நிறம் நன்றாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம், பார்த்துவிட்டு வெந்தது என்று ஏமாறாதீர்கள். நாட்டுச் சர்க்கரை போட்ட மாவு பச்சையாக இருக்கும்போதே பழுப்புதான். நிறத்தை நம்பாமல் ஓரத்தைப் பாருங்கள். மாவு காகிதத்தை விட்டு ஒரு நூல் விலகியிருக்கணும், பழம் ஓரங்களில் சோம்பலாகக் குமிழி விடணும். வேகமாகத் தண்ணீராகக் கொதித்தால் ஆகவில்லை.

உருக்கிய வெண்ணெய் குற்றவாளி இல்லை. பலர் குளிர்ந்த வெண்ணெய்தான் போடணும் என்று சொல்வார்கள். மே மாதத்தில் நம் சமையலறையில் குளிர்ந்த வெண்ணெயை விரலால் பிசறுவதற்குள் அது உருகியேவிடும், எதற்கு அந்தப் போராட்டம்? உருக்குங்கள், ஆனால் விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சர்க்கரை பாகாகி, மாவு பிசின் போல ஆகும். வீட்டில் கடைந்த வெண்ணெயில் நீர் கூடுதல், பாக்கெட் வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையாது. வீட்டு வெண்ணெய் என்றால் துணியில் வைத்துப் பிழிந்து எடுங்கள்.

மொத்த மாவு 520 கிராம் சுமார் வரும். 345 கிராம் அடிக்கு, மீதி மேலுக்கு. மேல் மாவைக் கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள். எடுத்து, கைப்பிடியில் இறுக்கி, பிறகு பிட்டுப் பிட்டு போடுங்கள். பட்டாணி அளவுக் கட்டிகளும் தூளும் கலந்து இருக்கணும். முழுக்கத் தூளாகத் தூவினால் வெட்டும்போது அப்படியே உருண்டு விழும். உங்கள் மேல் அடுக்கு உதிர இதுதான் பாதிக் காரணம்.

அடி மாவை விரலால் பரப்பிவிட்டு, தட்டையான அடி உள்ள டம்ளரால் நன்றாக அழுத்துங்கள். டம்ளரை ஒரு இழுப்பு நகர்த்தினால் மாவு கூட வரக்கூடாது. மூலைகளை மறக்காதீர்கள், மூலைத் துண்டுகள்தான் முதலில் உடையும். அந்த அடியை மட்டும் 180 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் தனியாக வேகவிடுங்கள். ஓரம் மட்டும் லேசாகப் பொன்னிறமாகும்போது எடுத்து, 10 நிமிடம் ஆறவிட்டு, பிறகு பழம், பிறகு மேல் மாவு. திரும்ப 28 முதல் 32 நிமிடம். அடி களியாவதற்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

ஓடிஜியில் மேல், கீழ் இரண்டு ராடும் எரியணும், ரேக் நடுவுக்கு ஒரு படி கீழே. 15 நிமிடம் முன்சூடு. குமிழில் 180 என்று திருப்பினால் உள்ளே 180 இருக்கும் என்று நினைக்காதீர்கள். 160-ம் இருக்கும், 205-ம் இருக்கும். உள்ளே தொங்கவிடுகிற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அலுமினிய டின்னில் அன்னாசிப் புளிப்பு நேராகப் படக்கூடாது, உலோகச் சுவை ஏறும். காகிதம் போட்டு, இரண்டு பக்கமும் காது மாதிரி வெளியே விடுங்கள், பிறகு அதைப் பிடித்துத் தூக்கலாம். மளிகைக் கடையில் பட்டர் பேப்பர் என்று தருவதெல்லாம் ஓவனுக்கு ஆகாது. சிலதில் மெழுகு இருக்கும், 180-ல் புகையும். பேக்கிங் பார்ச்மென்ட் என்று கேட்டு, அட்டையில் எத்தனை டிகிரி தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம். பொடியாக இருப்பதால் ஈரத்தை உடனே இழுத்துக் கூழாகும், உங்கள் பிரச்சினை இன்னும் கூடும். ரோல்டு ஓட்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கவில்லை என்றால் 140 கிராமில் 45 கிராமை மட்டும் மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று சுற்றுங்கள். அந்தத் தூள் செதில்களுக்கு நடுவில் போய் உட்காரும், அது போதும். ஸ்டீல் கட் ஓட்ஸ் (தட்டாமல் வெட்டிய முழு ஓட்ஸ்) வேகவே வேகாது, பல்லில் கல் போல நெருடும்.

நெய் போடலாம், அதே எடையில் அல்ல. நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. 140 கிராம் வெண்ணெய்க்கு 115 கிராம் நெய், அதோடு 1 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த பால். பாலை விட்டுவிட்டால் மாவை இறுக்கிப் பிடிக்கத் தண்ணீரே இருக்காது, மணல் மாதிரி சரியும். வாசனை பிரமாதம், ஆனால் பழ வாசனையை நெய் அமுக்கிவிடும் என்பது என் கருத்து. பேரீச்சை, அத்தி என்றால் நெய் பொருந்தும். அன்னாசிக்கு வெண்ணெய்தான்.

சும்மாசுவை:
இவ்வளவு பாடு எதற்கு, பாட்டில் ஜாமை எடுத்துத் தடவினால் முடிந்தது வேலை!

தட்டுத்தராசு:
தடவலாம். 300 கிராம் ஜாம் போதும். ஆனால் ஜாமில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, ஓவன் சூட்டில் இளகி ஓரத்துக்கு ஓடி, டின் சுவரில் மிட்டாய் போல ஒட்டி இறுகும். பல் போய்விடும். ஓரத்தில் 1 செ.மீ விட்டுத் தடவுங்கள், மாவில் சர்க்கரையை 80 கிராமாக்குங்கள், ஜாமில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்தால்தான் தித்திப்பு திகட்டாது.

பனிநாட்டு அக்கா:
டொரண்டோவில இருந்து எழுதுறன். நீங்கள் கேக்கிற பலகாரம் இஞ்ச டேட் ஸ்குயர் எண்டு எல்லாப் பேக்கரியிலும் கிடக்கு. மேற்கு மாகாணங்களில அதையே மேட்ரிமோனியல் கேக் எண்டும் சொல்லுவினம். நடுவில பேரீச்சம்பழம்தான். முதல்தரம் செய்யிற ஆக்கள் அன்னாசியை விட்டிட்டுப் பேரீச்சம்பழத்தில தொடங்கினால் நல்லம். தண்ணிப் பிரச்சினையே இல்லை, எவ்வளவு தண்ணி எண்டது எங்கட கையில.

20 செ.மீ தட்டுக்கு விதை எடுத்த பேரீச்சம்பழம் 350 கிராம், தண்ணி 240 மில்லி, தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) ஒரு மேசைக்கரண்டி. சீனி ஒரு துளியும் போடாதேங்கோ. தாச்சியில மெல்லிய நெருப்பில 8 தொடக்கம் 10 நிமிசம் விட்டு, கரண்டியால மசிச்சுக்கொண்டு இருங்கோ. தொதல் (அல்வா மாதிரி இறுகின பலகாரம்) பதத்துக்குப் போகவிடாதேங்கோ, ஆறினாப் பிறகு இன்னும் இறுகும். கரண்டியைச் சரிச்சால் மெல்ல மெல்ல வழுகி விழோணும், அதுதான் பதம். விதை எடுத்தது எண்டு பெட்டியில போட்டிருந்தாலும் ஒவ்வொண்டையும் விரலால அமத்திப் பாருங்கோ. எப்பிடியும் ஒரு விதை தப்பி வரும், பல்லுக்குக் கூடாது.

இஞ்சத்தை ஓவன் ஃபாரன்ஹீட், 350 எண்டு வைச்சால் உங்கட 177 டிகிரி. ஆரும் கனடாச் செய்முறையைப் பார்த்து 350-ஐ அப்பிடியே செல்சியஸில வைச்சுப்போடாதேங்கோ, கரிதான் மிஞ்சும்.

உறைஞ்ச புளுபெரி கிடைச்சால் அதை இளக விடாதேங்கோ, இளகினால் சாறு முழுக்க ஓடிடும். 300 கிராம் பழத்துக்கு 60 கிராம் சீனி, 2 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவர் போட்டுப் பிரட்டி, உறைஞ்சபடியே அடி மாவில பரப்புங்கோ. 10 நிமிசம் கூட வேகோணும். நடுவிலயும் குமிழி வந்தாத்தான் கார்ன்ஃப்ளவர் வெந்தது எண்டு கணக்கு. ஓரத்தில மட்டும் கொதிச்சால் எடுக்காதேங்கோ.

மாவுக்கை:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மட்டும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் மட்டும் இருக்கிற வீட்டில் இதே அளவு சரிவருமா? வெட்டுவதற்கு முன் எவ்வளவு நேரம் ஆறணும்?

ஈரக்கணக்கு:
கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் அடியில் ராடு கிடையாது, விசிறிக் காற்றுதான். மேலே சீக்கிரம் சிவக்கும், அடி வெளுத்தே இருக்கும். 165 டிகிரி வையுங்கள். சின்னக் கம்பி ஸ்டாண்டின் மேல் டின், அடியைத் தனியாக வேகவிடுவது 12-க்குப் பதில் 17 நிமிடம். மேல் பாகம் 20 நிமிடத்திலேயே சிவந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். விசிறிக் காற்றில் அது பறக்காமல் டின் விளிம்பில் மடக்கிவிடணும். உலோக டின், தாள் எல்லாம் கன்வெக்‌ஷன் முறையில் மட்டும். தவறி மைக்ரோ பட்டனையோ இரண்டும் கலந்த முறையையோ அழுத்திவிடாதீர்கள்.

ஆறவிடுவதில் அவசரம் கூடாது. அரை மணி நேரத்தில் வெண்ணெய் இன்னும் திரவம், கார்ன்ஃப்ளாரும் இறுகியிருக்காது. அந்த நேரத்தில் எந்தப் பாரும் உதிரத்தான் செய்யும். டின்னோடு கம்பித் தட்டில் ஒரு மணி நேரம், பிறகு ஃபிரிட்ஜில் 2 மணி நேரம். அப்புறம் காகிதக் காதைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் வையுங்கள். நீளமான கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, மேலிருந்து ஒரே அழுத்து. ரம்பம் போல இழுத்தால் மேல் மாவு பெயரும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கணும். 5 செ.மீ சதுரமாக 16 துண்டு வரும்.

நமத்துப்போவதை முழுசாகத் தடுக்க முடியாது. ஈரமான பழமும் மொறுமொறு மாவும் ஒரே டப்பாவில் இருந்தால் ஈரம் மாவுக்குத்தான் போகும். நாட்டுச் சர்க்கரையும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். வெளியே ஒரு நாள், ஃபிரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் 5 நாள். சூடு முழுக்க அடங்காமல் மூடி போட்டால் மூடியில் வேர்த்துச் சொட்டும், அந்த ஒரு தப்புக்கே மேல் அடுக்கு போய்விடும். மறுநாள் பரிமாறும்போது 160 டிகிரியில் 6 நிமிடம் காட்டி, 10 நிமிடம் ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவில் காட்டினால் இன்னும் குழையும்.

அரைவயிறு:
அன்னாசிக்குப் பதில் மாம்பழம் போட்டால்? எடைக் கணக்கு அதேதானா?

ஈரக்கணக்கு:
கிட்டத்தட்ட. தோல், கொட்டை போன சதை 500 கிராம் எடுத்து 320-க்கு வற்றவையுங்கள். பங்கனபள்ளி என்றால் சர்க்கரை 40 கிராமே அதிகம். அதில் புளிப்பு கிடையாது, வெறும் தித்திப்பாக உட்காரும். கூடவே கிளிமூக்கு மாங்காய் 100 கிராம் துருவிப் போட்டு வற்றவையுங்கள். புளிப்பும் கிடைக்கும், காயில் பெக்டின் இருப்பதால் கார்ன்ஃப்ளார் 2 டீஸ்பூன் போதும். மாங்கூழ் வற்றும்போது வெடித்துக் கையில் தெறிக்கும். நீளக் கைப்பிடிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி 10 நிமிடம் தீ சிறியதாகவே இருக்கட்டும். டப்பா மாங்கூழ் வாங்கினால் அதில் ஏற்கெனவே சர்க்கரை சேர்த்ததா என்று லேபிளைப் பாருங்கள். சேர்த்திருந்தால் மேலே ஒரு கிராமும் வேண்டாம், எலுமிச்சைச் சாறு ஒன்றரை டேபிள்ஸ்பூன் ஊற்றுங்கள்.